‘கண்ணு’ என்பது வழக்குச் சொல்

முள் வட்டம் என்பது கள்ளிச்செடி வளர்ப்பவர்களின் இணைய மன்றம். உறுப்பினர்கள் நாலாயிரத்துச் சொச்சம். எழுத எல்லோருக்கும் நேரம் இருந்தது. படிக்கத்தான் ஒருவருக்கும் இல்லை. எனவே எதைப் படிப்பது என்று முடிவு செய்ய ஒரு குழுவைப் போட்டார்கள். குழுவில் இருந்தவர்களுக்கும் படிக்க நேரமில்லை. எனவே படிக்காமலே முடிவு செய்யும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பதினொரு வருடமாக அந்த முறை எந்தக் குறையுமின்றி நடந்துவருகிறது. குறை சொல்லி வந்த கடிதங்களை யாரும் படிக்காததால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

இந்த மன்றத்தில் 4417ஆம் உறுப்பினராகச் சேர்ந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. கள்ளிச்செடியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: குத்தும்.

செடி அவர் மகளுடையது. ஒன்பது வருடமாக பால்கனியில் வைத்து வளர்த்தாள். இடுப்பளவு உயரம், தூண் மாதிரி நேராக. ஒருமுறைகூடப் பூத்ததில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஏணியைத் திருப்பும்போது அது பாதியில் உடைந்தது. மகள் வெளியிலிருந்து வந்து பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாயில்லாத பெண்ணைத் தனியாக வளர்த்தவர், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னார்:

“அட, முள்ளுதானே. வேற வாங்கிக்கலாம்.”

மூன்றாம் நாள் அவள் வேலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். முகவரி சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அவளுடைய பழைய எண்ணில் ஒரு சிமெண்ட் கடைக்காரர் எடுத்தார். மெக்கானிக் திரும்பத் திரும்ப அழைத்ததில் அவருக்கும் சிமெண்ட் கடைக்காரருக்கும் நல்ல பழக்கமே ஏற்பட்டுவிட்டது. “இன்னும் அந்தப் பொண்ணு கூப்பிடலையா” என்று அவரே விசாரிப்பார்.

உடைந்த துண்டை மட்டும் மெக்கானிக் எறியவில்லை. மூன்று வாரம் நிழலில் காயவைத்து, ஒரு காலி கிரீஸ் டப்பாவில் மணல் நிரப்பி நட்டார். அது பிழைத்தது. பதினொரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அதன் பக்கவாட்டில் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை ஒன்று தெரிந்தது. மொட்டு. இந்த வகை பூத்தால் ஒரு நாள்தான் இருக்கும் என்று மகள் முன்பு சொன்னது அவருக்கு நினைவிருந்தது. மொட்டு விரிய மூன்று வாரம் ஆகும் என்றும் சொல்லியிருந்தாள்.

இதை அவளிடம் சொல்ல உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. முள் வட்டத்தில் அவள் பெயர் ‘ஒற்றை முள்’. வீட்டில் இருந்த காலத்தில் சாப்பிடும்போது அங்கே நடக்கும் சண்டைகளை வாசித்துக் காட்டிச் சிரிப்பாள். இப்போதும் தினம் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். உறுப்பினர் ஆகாமலேயே பத்து மாதமாக அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் மெக்கானிக் வேலைக்குக் கிளம்புகிறார். புள்ளி எரிந்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

சேர்ந்த பிறகுதான் விதிகள் தெரிந்தன. புதியவர் யாருக்கும் தனி மடல் அனுப்பக் கூடாது; அதற்கு மூன்று முள் தகுதி வேண்டும். படம் போடக் கூடாது. அதற்கும் மூன்று முள். புதிதாக ஒன்றைச் சொல்லப் புதியவருக்கு இருந்த வழி ஒன்றுதான்: திரி தொடங்குவது. மெக்கானிக் முதலில் விளக்குத் திரி என்று நினைத்தார். ஒரு பேச்சைத் தொடங்குவதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். தொடங்கினார்.

தலைப்பு: கண்ணு, மொட்டு விட்டிருக்கு.

உள்ளே: கண்ணு, அப்பா எழுதறேன். உடைஞ்ச துண்டை நட்டு வெச்சேன். பொழைச்சிடுச்சு. இப்ப மொட்டு விட்டிருக்கு. மூணு வாரத்துல பூக்கும். வந்து பாத்துட்டுப் போ. அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிடு.

நான்கு நாள் கழித்து ‘படித்தவர்கள்: 9’ என்று காட்டியது. ஒன்பதும் அவரே. ஒவ்வொரு முறையும் யாராவது படித்தார்களா என்று திறந்து பார்த்ததில் ஏறிய எண்ணிக்கை.

லிஃப்ட் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில், லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அடிக்கும் அபாய மணியை எடுத்துப் பேசும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கம்பெனியில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் மணியக்கா. அவளிடம் போனை நீட்டினார்.

“அண்ணே, இங்க பதில் இருக்கற திரியைத்தான் படிப்பாங்களாம். பதில் இல்லாதது தானா கீழ போயிடுமாம்.”

“படிச்சாத்தானே மணியக்கா பதில் போட முடியும்?”

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியுது. அவங்க பெரிய படிப்பு படிச்சவங்க.”

மணி அடித்தது. “எந்தக் கட்டடம்? எத்தனாவது மாடி? பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, ஆள் கிளம்பிட்டாரு” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் மணியக்கா 4418ஆம் உறுப்பினராகி, அவருடைய திரியில் ‘அருமை’ என்று பதில் போட்டிருந்தாள். உடனே அறிவிப்பு வந்தது: ‘புதியவரின் பதில் கால் பதிலாகக் கணக்கிடப்படும்.’ மணியக்கா விடுகிற ஆளில்லை. ஸ்டோர் கீப்பர், டிரைவர், வாட்ச்மேன் மூவரையும் உட்கார வைத்துச் சேர்த்துவிட்டாள். நான்கு ‘அருமை’ சேர்ந்து ஒரு முழுப் பதில் ஆனது. திரி மேலே வந்தது. வந்ததும் வாசிப்புத் தேர்வுக் குழுவின் கண்ணில் பட்டது. ‘தங்கள் திரியின் தலைப்பு குறித்து விளக்கமளிக்க ஞாயிறு காலை நேரில் வரவும்.’

குழு கூடும் இடம் ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. பல் டாக்டர் அம்மாதான் மன்றத்தின் தலைப்பாளர். மன்றத் தலைவரின் பெயர் ‘பாலைவனச் சிங்கம்’. வெளியே அவர் குடைக் கடை வைத்திருந்தார். சுவரில் சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, அந்த வாரம் வந்த அறுபத்தொரு திரிகளின் தலைப்புகளை அச்செடுத்து வைத்திருந்தார்கள். தலைப்புகள் மட்டும்தான். உள்ளே இருப்பதை அச்செடுப்பது வீண்செலவு என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

“கரிசல் மண் பற்றிய என் கருத்துக்கு வந்த மறுப்புக்கு மறுப்பு, பாகம் பதினாலு,” என்று டாக்டரம்மா வாசித்தார்.

“எடுத்துக்குங்க. பதிமூணு பாகம் வந்திருக்குன்னா யாரோ படிச்சிருக்கணும்,” என்றார் தலைவர்.

“அவசரம், என் செடிகள் எரிகின்றன.”

“வேணாம். இந்த மாதிரி உணர்ச்சிவசப்படறவங்களை வளர்க்கக் கூடாது.”

எழுதியவர் வீட்டு மொட்டை மாடியில் நிஜமாகவே தீப்பிடித்திருந்தது என்பது பிறகு தெரியவந்தது. அதைத் தெரிவித்து அவர் எழுதிய திரியும் அதே காரணத்துக்காகத் தள்ளப்பட்டது.

மெக்கானிக்கின் முறை வந்தது. தலைவர் அவரை உட்காரச் சொன்னார். இருந்த ஒரே காலி நாற்காலி உள்ளறையில் இருந்த பல் பிடுங்கும் நாற்காலிதான். அங்கிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிந்தார்கள். சாய்ந்தபடி பேச வேண்டியிருந்தது.

“நீங்க புதுசு. அதனால சொல்றேன்,” என்றார் தலைவர். “நான் இந்த மன்றத்துல பதினொரு வருஷமா தலைவர். இன்னிக்கு வரைக்கும் ஒரு திரியைக்கூட உள்ள போய்ப் படிச்சதில்லை. பெருமைக்குச் சொல்லலை. படிச்சா ஒருத்தர் மேல பாசம் வந்துடும், இன்னொருத்தர் மேல கோபம் வந்துடும். நடுநிலை போயிடும். நான் படிக்காததாலதான் நாலாயிரம் பேர் என்னை நம்பி எதைப் படிக்கணும்னு கேக்கறாங்க.”

“அவங்க படிக்கறாங்களா சார்?”

“அது அவங்க சொந்த விஷயம். நாம தலையிடறதில்லை.”

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். “உங்க தலைப்புல ‘கண்ணு’ன்னு இருக்கு. அது வழக்குச் சொல். முள்ளும் மொட்டும் கிளம்பற இடத்துக்கு மன்றம் அங்கீகரிச்ச சொல் ‘முள்கண்’. நீங்க சொல்ல வந்தது, முள்கண்ணில் மொட்டு. சரிதானே?”

“இல்லைங்க. கண்ணுன்னா எங்க பொண்ணு.”

குழு வகைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தது.

“பொண்ணுங்கறது எந்த வகை?” என்றார் தலைவர். “பட்டியல்ல இல்லையே.”

“மகள் சார். நான் பெத்த மகள். உங்க மன்றத்துலதான் இருக்கா. அவ படிக்கணும்னுதான் எழுதினேன். வேற யாரும் படிக்கலைன்னாலும் பரவாயில்லை.”

“அதுதான் தப்பு,” என்றார் தலைவர், கோபமில்லாமல். “ஒருத்தருக்காக எழுதினதை ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. எல்லாருக்கும்னு எழுதினாத்தான் யாராவது ஒருத்தர் படிப்பாங்க. உங்க மகளும் அனுபவசாலி. கண்ணுன்னு தலைப்பு இருந்தா, எவனோ புதுசு, மண்ணுக்கும் உரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு தள்ளிட்டுப் போயிடுவாங்க. போயிருக்காங்க இல்லையா?”

நான்கு நாளும் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.

“சார், நான் லிஃப்ட் வேலை பாக்கறவன். உள்ள மாட்டினவங்க மணி அடிச்சா, என்ன தலைப்புன்னு கேக்கறதில்லை. ஓடிப்போய்த் திறக்கறோம்.”

“அதனாலதான் உங்களுக்குப் படிக்கவே நேரம் கிடைக்கலை,” என்றார் தலைவர். குழு மெல்லச் சிரித்து அதைக் குறித்துக்கொண்டது.

பிறகு டாக்டரம்மா உள்ளே இருந்த வாசகங்களுக்கு வந்தார். அது குழுவின் வேலையில் சேராது; புதியவர் என்பதால் ஒரு சலுகை. “வலிக்காது, நாலே இடம்தான்,” என்றார். “‘அப்பா எழுதறேன்’. எழுதறவர் யாருங்கறது உறுப்பினர் எண்ணிலேயே தெரியும். எடுத்துடலாம். ‘வந்து பாத்துட்டுப் போ’. இது பொது அழைப்பு மாதிரி இருக்கு. நாலாயிரம் பேர் வந்துட்டா உங்க பால்கனி தாங்குமா? எடுத்துடலாம். ‘அப்படிச் சொன்னது தப்பு’. எப்படிச் சொன்னதுன்னு ஆதாரம் இல்லை. ‘மன்னிச்சிடு’. மன்றத்துல மன்னிப்புக்குத் தனிப் பிரிவு இருக்கு, செவ்வாய்க்கிழமை மட்டும். மீதி நல்லா இருக்கு.”

மீதி இரண்டு வரி இருந்தது. உடைந்த துண்டு பிழைத்தது, மொட்டு விட்டிருக்கிறது.

“கொஞ்சம் மெலிவா இருக்கு,” என்றார் தலைவர். “அளவு ஏதாவது இருந்தா சேருங்க. அளவு இருந்தா மரியாதை.”

அளவு மெக்கானிக்குக் கைவந்த விஷயம். அன்று மாலையே வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். லிஃப்டின் இரும்புக் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மொட்டின் மேல் படாமல் அளந்தார். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். மணல் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளைக்கொரு முறை, வெயில் எத்தனை மணி நேரம், எல்லாம் எழுதினார். தண்டு உடைந்த தேதியையும் எழுதினார். அதை மட்டும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அதுவும் ஓர் எண்தான்.

தலைப்பு அங்கீகரிக்கப்பட்டது: ‘முள்கண்ணில் மொட்டு – உடைந்த தண்டிலிருந்து, அளவுகளுடன்.’ ஆனால் உடனே வெளியாகாது. அங்கீகரித்த தலைப்பு பன்னிரண்டு நாள் ஆற வேண்டும். ஆறாத தலைப்பை அவசரப்பட்டுப் படித்துவிடுவார்கள் என்பது குழுவின் பயம்.

மொட்டு ஆறவில்லை. எண்பத்தெட்டு மில்லிமீட்டர். நூற்று முப்பது. பழுப்புக் குழாய் மாதிரி நீண்டு, நுனி பருத்தது. எட்டாம் நாள் மெக்கானிக் தலைவரின் குடைக் கடைக்குப் போன் செய்தார்.

“சார், இந்த வாரம் பூத்துடும் போல. முன்னாடி விட முடியுமா? ஒரு நாள்தான் சார் இருக்கும்.”

“பூ ஒரு நாள்தான் இருக்கும். பதிவு நிக்கும் இல்லையா? பூத்து முடிஞ்சப்புறம் படிச்சாலும் அளவு மாறப்போறதில்லை. இன்னொருத்தருக்கும் இப்படித்தான். செடி எரியுது, முன்னாடி விடுங்கன்னார். விட்டோமா?”

வியாழக்கிழமை காலை நுனி பிளந்திருந்தது. மெக்கானிக் விடுப்புச் சொன்னார். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு பால்கனியில் உட்கார்ந்தார். பத்தரை மணிக்குள் பூ முழுதாக விரிந்துவிட்டது. வெள்ளை. சாப்பாட்டுத் தட்டளவு. உள்ளே நூறு நூறாய் மஞ்சள் இழைகள். ஒன்பது வருடம் அவள் காத்திருந்தது இதற்குத்தானா என்று பார்த்தார். முள்ளுதானே என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. மடியில் போன் இருந்தது. ‘ஒற்றை முள்’ளுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மாலை வரை எரிந்தது. அன்று அவள் மன்றத்திலேயேதான் இருந்தாள். என்ன படித்துக்கொண்டிருந்தாளோ, பாகம் பதினாலாக இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பூ நனைந்த கைக்குட்டை மாதிரி துவண்டு தொங்கியது. சனிக்கிழமை மதியம் திரி வெளியானது.

வெளியானது மட்டுமல்ல, ‘வாரத்தின் வாசிப்பு’ என்று முகப்பில் கட்டம் கட்டிப் போட்டார்கள். தசமப் புள்ளிக்குப் பிறகும் ஓர் எண் இருக்கும் அளவு மன்றத்தின் வரலாற்றில் அதுதான் முதல் என்று டாக்டரம்மா குறிப்பு எழுதியிருந்தார். படித்தவர்கள் முன்னூற்றுப் பன்னிரண்டு. ‘தலைப்பு சிறப்பு.’ ‘தலைப்பைப் பார்த்ததுமே முழுதும் படித்த நிறைவு.’ ‘என் திரியையும் வந்து பாருங்கள்.’

நாற்பதாவதாக ‘ஒற்றை முள்’ எழுதியிருந்தாள்.

‘நண்பருக்கு, உடைந்த துண்டில் ஒரே வருடத்தில் மொட்டு வருவது அபூர்வம். என்னிடமும் இதே வகை ஒன்று இருந்தது. ஒன்பது வருடம் வைத்திருந்தேன். விட்டுவிட்டு வந்துவிட்டேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் மொட்டு இந்நேரம் விரியும் பருவத்தில் இருக்கும். பூ ஒரு நாள்தான், அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊராக இருந்தால் நானே வந்து பார்த்திருப்பேன். துண்டை நட்டது நீங்களா, வீட்டில் வேறு யாராவதா? உடைந்ததை எறியாமல் நட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றாது.’

மெக்கானிக் இதை எத்தனை முறை படித்தார் என்பது ‘படித்தவர்கள்’ கணக்கில் ஏறிக்கொண்டே போனது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பதில் பெட்டியில் ‘கண்ணு’ என்று தட்டினார். அதற்கு மேல் எழுத்து விழவில்லை. பெட்டி சாம்பல் நிறமாகிவிட்டது.

‘இத்திரிக்கு அனுபவமுள்ள உறுப்பினரின் சிறப்பான பதில் கிடைத்துவிட்டதால் நிறைவுற்றதாகப் பூட்டப்படுகிறது. மேலும் கேள்வி இருந்தால் புதிய திரி தொடங்கவும்.’

அவள்தான் கேள்வி கேட்டிருந்தாள். அதைப் பூட்டியவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஐந்து நாள் கழித்துத் தலைவர் தாமே அழைத்தார். “வாழ்த்துகள். உங்களுக்கு மூணு முள் குடுக்கறதா தீர்மானம். இனிமே படம் போடலாம், யாருக்கு வேணும்னாலும் தனி மடல் எழுதலாம். பாத்தீங்களா, முறையா வந்தா எல்லாம் கிடைக்கும். நான் இன்னும் உங்க திரியைப் படிக்கலை. எல்லாரும் நல்லா இருக்குங்கறாங்க.”

மறுநாள் மதியம் கட்டுப்பாட்டு அறையில் மணி எதுவும் அடிக்கவில்லை. மணியக்கா கேட்டாள்: “எழுதிட்டீங்களாண்ணே?”

“எழுதினேன். அழிச்சிட்டேன்.”

“எத்தனை தடவை?”

“அதெல்லாம் எண்ணுவாங்களா?”

“நான்தான் அப்பான்னு ஒரு வரி. அதுக்கு எதுக்குண்ணே இவ்வளவு யோசனை.”

“பூ போயிடுச்சு மணியக்கா. இனி வான்னு எதைக் காட்டிக் கூப்பிடறது?”

“நீங்க இருக்கீங்கல்ல.”

மெக்கானிக் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதைப் பத்திக் கேக்காதீங்கன்னு எழுதியிருக்கா. அப்பான்னு பாத்தா மூடிடுவா. 4417ன்னா நண்பருக்குன்னு எழுதறா. எத்தனை வரி எழுதியிருக்கா பாரு. வீட்ல இருக்கும்போதுகூட தன்னைப் பத்தி எங்கிட்ட இத்தனை வரி பேசினதில்லை.”

“அதுக்குன்னு காலம் பூரா நம்பராவே இருந்துடுவீங்களா?”

அவர் போனைப் பைக்குள் போட்டார். மணியக்கா மேசையில் இருந்த தாள்களைக் காரணமில்லாமல் அடுக்கினாள்.

வீட்டுக்குப் போய் எழுதினார். இந்த முறை அழிக்கவில்லை.

‘நீங்கள் கேட்டதற்குப் பதில்: திரியைப் பூட்டிவிட்டதால் தாமதம், பொறுக்கவும். பூ வியாழக்கிழமை வந்தது. நன்றாக இருந்தது. துண்டை நட்டது வீட்டில் ஒருவர். அவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது.’

பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது.

‘ஒன்றும் தெரியாதவர் கையிலும் சில செடிகள் பிழைத்துவிடுகின்றன. வேர் நன்றாகப் பிடிக்கும்வரை தொட்டியை மாற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.’

மெக்கானிக் பால்கனிக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்து, ‘சொல்லிவிட்டேன்’ என்று எழுதினார்.